பச்சைப் புள்ளி யாருடைய உடம்பைக் காக்கிறது?

கடையில் ஒரு மிளகாய்த்தூள் பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள் தோழர்களே. 14 இலக்க உரிம எண் இருக்கும். தயாரித்த தேதி, எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதெல்லாம் இருக்கும். முன்பக்க மூலையில் பச்சைச் சதுரத்துக்குள் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். சைவம் என்று அர்த்தம். அசைவத்துக்குப் பழுப்பு நிறம். 2001இல் இந்த அடையாளம் விதியாக வந்தது. 2020இல் வந்த லேபிள் விதிகள் பழுப்பு வட்டத்தை முக்கோணமாக மாற்றின. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் வடிவத்தைப் பார்த்துத் தெரிய வேண்டும் என்பதே அதற்குக் காரணம். சாப்பிடுகிறவர் மேல் இந்த நாட்டுச் சட்டத்துக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள்.

அந்த அக்கறையில் நமக்குக் குறை ஒன்றும் இல்லை. என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்துகொள்வது எல்லோருடைய உரிமையும்தான். நாங்கள் கேட்பது வேறு. அந்த மிளகாய்ச் செடிக்கு யார் மருந்து அடித்தது? அன்றைக்கு அந்த ஆளுக்கு உடம்புக்கு என்ன ஆனது? இதைச் சொல்ல அந்தப் பாக்கெட்டில் ஓர் எழுத்துகூட இல்லை. எழுத இடம் இல்லாமல் விட்டதல்ல இது. உணவுப் பாதுகாப்பு என்று நாம் பேசுகிற பேச்சு முழுக்கவும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் தொடங்கி அவரிடமே முடிந்துவிடுகிறது. வயலில் நிற்பவர் அந்தப் பேச்சுக்குள் வருவதே இல்லை.

நாங்கள் சில ஆண்டுகளாகப் பெரம்பலூர், அரியலூர் பக்கம் பருத்திக்காடும் சோளக்காடுமாக இருக்கிற ஊர்களில் வேலை செய்கிறோம். எங்கள் வேலை முக்கியமாகப் படிப்பை நிறுத்திய பிள்ளைகளோடும் பெண்கள் குழுக்களோடும்தான். ஆனால் காலனிக்குள் எந்த வீட்டில் உட்கார்ந்தாலும் பேச்சு கடைசியில் கூலிக்கும் மருந்துக்கும் வந்துவிடும்.

‘மருந்து’ என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பூச்சிக்கொல்லி என்று அரசாங்கக் காகிதத்தில்தான் எழுதுகிறார்கள். ஊரில் அது மருந்து. “மருந்தடிக்கப் போறேன்” என்றுதான் சொல்கிறார்கள். அடித்துவிட்டு வந்து தலை சுற்றினால், “மருந்து ஏறிடுச்சு” என்கிறார்கள். மோர் குடித்துவிட்டுப் படுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்துப் பழகிய வாயால், எனக்கு விஷம் ஏறியிருக்கிறது என்று சொல்வது கடினம்தான்.

இந்த விஷ டப்பாவுக்கும் லேபிள் உண்டு. அதில் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம்தான் விஷத்தின் அளவைச் சொல்லும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அதற்கடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம். பச்சை என்றால் இருப்பதில் குறைந்த விஷம். குறைந்த விஷம்தானே தவிர, விஷமே இல்லை என்று அர்த்தம் இல்லை. கடையில் பாக்கெட்டின் பச்சைப் புள்ளியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு டப்பாவின் பச்சையும் நல்லதாகவே தெரிகிறது. ஒரு கூட்டத்தில் நாங்கள் கேட்டபோது, பச்சை போட்டிருந்தால் அது ‘இயற்கை மருந்து’ என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நிறத்தின் அர்த்தத்தை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதுவும் டப்பாவைப் பார்த்தவர்களின் கதைதான். பெரும்பாலான கூலிக்காரர்கள் டப்பாவையே பார்ப்பதில்லை. மருந்தை வாங்குவது நிலக்காரர். எதை வாங்குவது என்று சொல்வது கடைக்காரர். ஒரு டேங்குக்கு எத்தனை மூடி ஊற்றுவது என்ற கணக்கும் கடையிலிருந்தே வருகிறது. வரப்பில் டிரம்மில் கலக்கி வைத்திருப்பார்கள். நம் ஆள் டேங்கில் மொண்டு ஊற்றி, முதுகில் மாட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். டேங்குக் கணக்கில் கூலி என்பதால் காற்று எதிரே அடித்தாலும் நிற்க முடியாது. மூக்கில் கட்டிய துண்டு கால் மணி நேரத்தில் நனைந்துவிடும். சாயங்காலம் அந்தத் துண்டையும் சட்டையையும் துவைப்பது வீட்டுப் பெண். அவர் கையில் என்ன படுகிறது என்று சொல்லும் லேபிள் எங்கும் இல்லை.

1958இல் கேரளத்தில் நடந்தது பலருக்கும் தெரிந்திருக்காது. கப்பலில் உணவுப் பொருளோடு ஏற்றிவந்த பரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கசிந்து கோதுமை மாவில் கலந்தது. அதைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதன்பின் விசாரணைக் குழு வந்தது, பரிந்துரை வந்தது, பத்து ஆண்டு கழித்து 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. ஆகவே சாப்பிட்டவர்களின் சாவிலிருந்துதான் இந்தச் சட்டமே பிறந்தது. தெளித்தவர்கள் சட்டத்துக்குள் வந்தார்கள், ஆனால் பிற்பாடுதான் வந்தார்கள். 1971 விதிகளில் தெளிப்பவருக்குப் பாதுகாப்பு உடை தர வேண்டும் என்று இருக்கிறது, மருத்துவப் பரிசோதனையும் இருக்கிறது. விஷ முறிவு மருந்து என்ன என்பதைக் காகிதத்தில் அச்சடித்து டப்பாவோடு வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நாங்கள் போகிற ஊர்களில் கையுறை போட்டு மருந்தடிக்கிற ஒரு கூலிக்காரரைக்கூட இதுவரை பார்க்கவில்லை.

அதே 1968இல்தான் ‘பசுமைப் புரட்சி’ என்ற பெயரும் வந்தது. வில்லியம் காட் என்ற அமெரிக்க அதிகாரி மார்ச் மாதம் ஒரு பேச்சில் சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்தது, கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டது, இவைதான் அவர்கள் செய்த குற்றம். நாங்கள் சமூகவியல் முதுகலை படித்தபோது பசுமைப் புரட்சி ஒரு தாளில் வந்தது, கீழ்வெண்மணி வேறொரு தாளில் வந்தது. முதல் தாளில் விளைச்சலும் வீரிய விதையும் உரமும் இருந்தன. இரண்டாவதில் சாதியும் கூலியும் இருந்தன. இரண்டும் ஒரே தஞ்சாவூர் மண்ணில், ஒரே ஆண்டுகளில் நடந்தவை என்று வகுப்பில் யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. விளைச்சல் கூடும்போது அதில் எனக்கு எவ்வளவு என்று கேட்டவர்களைத்தான் எரித்தார்கள்.

லேபிள் என்பது சின்ன விஷயம், இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று சிலர் கேட்கலாம். அது உயிர் விஷயம் என்று நாங்கள் தெரிந்துகொண்டது ஒரு மருத்துவமனை வாசலில்.

பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வந்த ஓர் அண்ணனுக்குச் சாயங்காலம் வாந்தி. வேர்த்துக் கொட்டியது, வாயில் எச்சில் வடிந்தது. வீட்டுக்காரம்மா எங்களுக்குப் போன் போட்டார். நாங்கள் போவதற்குள் 108இல் ஏற்றியிருந்தார்கள். மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி, “என்ன மருந்து குடிச்சாரு?”

“குடிக்கலம்மா, அடிச்சாரு” என்றார் அந்த அக்கா.

“பேரு என்ன? டப்பா கொண்டு வந்தீங்களா?”

“தெரியலம்மா. கலக்கி வச்சிருந்தாங்க, இவரு அடிச்சாரு.”

அங்கே இருந்தவர்கள் கேட்டதில் தவறில்லை. மருந்தின் பெயர் தெரிந்தால்தான் சரியான வைத்தியம் செய்ய முடியும். ஆர்கனோபாஸ்பேட் வகை என்றால் அட்ரோபின் கொடுப்பார்கள். பைரித்ராய்டு வகைக்குத் தனி முறிவு மருந்து இல்லை, வரும் அறிகுறிகளுக்குத்தான் வைத்தியம். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கும் முறிவு மருந்து கிடையாது, அதில் ஆக்சிஜன் வைப்பதைக்கூட யோசித்துத்தான் செய்ய வேண்டும். கண்மணி சுருங்கியிருப்பதையும் எச்சில் வடிவதையும் பார்த்து மருத்துவர் வகையை ஊகித்துக்கொண்டார், வைத்தியம் தொடங்கியது. எங்களில் ஒருவர் நிலக்காரருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. பிறகு எடுத்து, “நான் வெளியூர்ல இருக்கேன், பேரு ஞாபகம் இல்ல” என்றார். டப்பா அவர் மோட்டார் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. விதிப்படி விஷ முறிவு மருந்தின் பெயரை அச்சடித்து வைத்த காகிதமும் அதோடு பூட்டிக் கிடந்தது.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். ஆனால் மறுநாள் நோயாளிக் குறிப்பைப் பார்த்தோம். விஷம் அருந்தியதாக எழுதியிருந்தது. குடித்தார் என்று எழுதினால் தற்கொலை முயற்சி. போலீஸ் வரும், ஊரில் பேச்சு வரும். வேலை செய்த இடத்தில் விஷம் ஏறியது என்ற உண்மை அந்த ஒரு வரியில் காணாமல் போகும். நிலக்காரரிடம் வைத்தியச் செலவு கேட்க முடியாது, நிவாரணத்துக்கு மனுப் போடவும் வழியில்லை. மருத்துவரைப் பார்த்துப் பேசி, ‘வேலையின்போது தெளித்ததால்’ என்று திருத்தி எழுத வைக்க அன்று முழுப் பகலும் ஆனது. நோயாளிக் குறிப்பும் ஒரு லேபிள்தானே! பாக்கெட்டிலும் டப்பாவிலும் உள்ளே இருப்பதைச் சொல்கிறார்கள். நம் ஆளின் மேல் மட்டும் நடக்காததை எழுதி ஒட்டுகிறார்கள்.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் செத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அத்தனை பேர் ஒரே பருவத்தில், ஒரே மாவட்டத்தில் விழுந்ததால் செய்தி ஆனது. ஊருக்கு ஒருவராக, மாதத்துக்கு ஒருவராக விழுந்தால் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

காய்கறியில் எவ்வளவு விஷம் மிச்சம் இருக்கலாம் என்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அளவு வைத்திருக்கிறது. ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக்கும் ஒவ்வொரு பயிருக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசியாக மருந்தடித்து எத்தனை நாள் கழித்து அறுக்க வேண்டும் என்பதும் டப்பாக் காகிதத்தில் இருக்கும். தெளிப்பவரின் ரத்தத்தில் விஷம் என்ன செய்திருக்கிறது என்று பார்க்கவும் சோதனை இருக்கிறது, கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவைப் பார்ப்பார்கள். தக்காளியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஓர் அதிகாரி இருக்கிறார். தக்காளிக்கு மருந்தடித்தவரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப எங்கள் ஊர்களில் யாரும் இல்லை.

இன்னொரு இழப்பு இருக்கிறது. அதை எந்தக் கணக்கெடுப்பிலும் பார்க்க முடியாது. நம் பாட்டிமார்களிடம் வயலில் என்ன கிடைத்தது என்று கேளுங்கள். நெல் என்று சொல்ல மாட்டார்கள், நெல் நிலக்காரருடையது. நத்தை, வயல் நண்டு, வாய்க்கால் கெண்டை, அறுப்புக் காலத்து எலி, வரப்பில் முளைத்த பண்ணைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை என்று சொல்வார்கள். நிலம் இல்லாதவருக்கு அந்த வயல் கொடுத்த கறியும் கீரையும் அவைதான். காசு கொடுக்க வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம். மருந்து வந்தபின் நத்தையும் நண்டும் போயின, களைக்கொல்லி வந்தபின் கீரையும் போனது. நத்தை தின்கிறவர்கள், எலி தின்கிறவர்கள் என்று நம்மைக் கேவலமாகப் பேசிய ஊர், அந்த உணவு ஒழிந்தபோது யாருடைய தட்டு காலியானது என்று கேட்கவில்லை. இன்றைக்கு அதே வீடுகளில் பிள்ளைகளுக்கு ரத்தசோகை என்று சத்து மாத்திரை கொடுக்கிறார்கள்.

உணவில் சுத்தம் என்று பேசும்போதெல்லாம் நாம் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணை, அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் தடுத்தார்கள். அந்த அரிசிக்கும் பருப்புக்கும் பச்சைப் புள்ளி போதும். ஆனால் சமைக்கும் கைக்கு வேறு புள்ளி தேடுகிறார்கள். பூச்சிக்கொல்லி மிச்சம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதால் தின்றுவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத தீட்டு மட்டும் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது!

அப்படியென்றால் இயற்கை விவசாயம்தான் தீர்வா? நம் தோழர்களில் சிலர் அதைப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறார்கள். பளபளக்கும் பாக்கெட்டில் கேழ்வரகும் கம்பும் குதிரைவாலியும் விற்கும் விலையைப் பார்த்தால் கோபம் வருவது நியாயம். கூழ் குடிக்கிறவன் என்று நம்மைச் சொன்ன வாய்தான் இன்று அதைச் சிறுதானியம் என்கிறது. ஆனாலும் ஒதுக்குவதை நாங்கள் ஏற்கவில்லை. விஷம் இல்லாத வயல் முதலில் யாருக்கு வேண்டும்? விஷத்தை முதுகில் சுமப்பவருக்குத்தானே? மேசையில் உட்கார்ந்து தின்பவர் நூறில் ஒரு பங்கைத் தின்கிறார் என்றால் இவர் மீதியை மூச்சில் வாங்குகிறார். இயற்கை விவசாயம் நமக்கு ஆரோக்கியப் பேச்சு அல்ல, தொழிலாளர் கோரிக்கை.

அந்தக் கோரிக்கையைச் சொல்லிக்கொண்டு சான்றிதழ் வாங்கப் போனால் கதவில் நிலம் நிற்கிறது. 2017 விதிகளின்படி இயற்கை விளைபொருள் என்று விற்க ‘ஜைவிக் பாரத்’ முத்திரைக்குப் பின்னால் ஒரு சான்றிதழ் வேண்டும். ஒரு வழி தேசிய இயற்கை விளைபொருள் திட்டம், அதில் ஆண்டுப் பயிருக்கு விதைப்பதற்கு முன் இரண்டு ஆண்டு மாற்றக் காலம் காட்ட வேண்டும். இன்னொரு வழி ‘பிஜிஎஸ் இந்தியா’. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சரிபார்த்துக்கொள்ளலாம். நல்ல முறைதான். ஆனால் எந்த வழியில் போனாலும் இது எந்த நிலம், இதில் முன்பு என்ன போட்டார்கள், அடுத்த ஆண்டும் உன்னிடம் இருக்குமா என்ற கேள்விகள் வரும். வாய்ப்பேச்சில் ஓர் ஆண்டுக் குத்தகைக்குப் பிடித்திருக்கிற நம் பெண்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்? மண்ணைச் சரிப்படுத்தி முடிக்கிற ஆண்டில் நிலக்காரர் நிலத்தைத் திருப்பிக் கேட்பார்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பட்டியல் சாதியினரிடம் இருந்த சாகுபடி நிலம் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 9 விழுக்காடு. மக்கள் தொகையில் நாம் 2011 கணக்குப்படி 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கைக்குப்பின் 1892இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பிறர் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் பிறர் கைக்குப் போனது. அதை மீட்கப் போய்த்தான் 1994 அக்டோபர் 10இல் காரணை போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். பஞ்சமி நிலப் போராட்டத்தையும் நஞ்சில்லா உணவையும் தனித்தனி மேடையில் பேசுவதை நாம் நிறுத்த வேண்டும். நிலம் இருந்தால்தான் அதில் எதை அடிப்பது, எதை அடிக்கக் கூடாது என்று முடிவு செய்ய முடியும்.

நிலம் கைக்கு வந்தால் நம் பெண்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு வேறொரு மாநிலத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதியில் டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டியோடு சேர்ந்த தலித் பெண்களின் சங்கங்கள், யாரும் சீந்தாத தரிசு நிலங்களில் பலவகைச் சிறுதானியத்தையும் பருப்பையும் ரசாயனம் இல்லாமல் கலந்து விதைத்தார்கள். விதையைக் கடையில் வாங்காமல் தாங்களே சேமித்தார்கள். 2008இல் தங்களுக்கென்று ஒரு சமூக வானொலியும் தொடங்கினார்கள். 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. முத்திரையும் பரிசும் பின்னால் வந்தவை. முதலில் வந்தது நிலமும் சங்கமும்.

இதைப் படிக்கிற தம்பி தங்கைகளுக்குக் கையில் போன் இருக்கிறது. அதை வைத்து இந்தப் பருவத்திலேயே தொடங்கக்கூடிய வேலைகள் சில உண்டு. அப்பாவோ அண்ணனோ மருந்தடிக்கப் போகும் காலையில் டப்பாவின் நான்கு பக்கத்தையும் போட்டோ எடுத்து வீட்டுப் பெண்களின் போனுக்கு அனுப்பி வையுங்கள். டப்பாவைக் காட்டாமல் மருந்தடிக்கச் சொல்லக் கூடாது என்பதைக் கூலி பேசும்போதே, தனி ஆளாக இல்லாமல் தெருவாகச் சேர்ந்து சொல்லுங்கள். காலி டப்பாவில் வீட்டுக்குத் தண்ணீரோ எண்ணெயோ பிடிக்க விடாதீர்கள். 2013இல் பீகார் கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவில் பூச்சிக்கொல்லி கலந்து 23 குழந்தைகள் செத்தார்கள், பூச்சிக்கொல்லி இருந்த பாத்திரத்தில் வைத்த எண்ணெயில்தான் சமைத்திருந்தார்கள். மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் ‘வேலையின்போது’ என்ற சொல் குறிப்பில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு நகருங்கள்.

கல்லூரியில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் நுகர்வோரின் லேபிள் விழிப்புணர்வு என்ற தலைப்பையே திரும்பத் திரும்ப எடுக்கிறீர்கள். ஒருமுறை உங்கள் ஊரில் மருந்தடிப்பவர்கள் எத்தனை பேர், யாருடைய நிலத்தில், எந்த மருந்து, கடந்த ஆண்டில் எத்தனை முறை மருந்து ஏறியது என்று எழுதுங்கள். அந்தக் கணக்கு இன்றுவரை எந்த அலுவலகத்திலும் இல்லாததால்தான் கையுறை கேட்டாலும் நிவாரணம் கேட்டாலும் ஆதாரம் எங்கே என்று கேட்டு அனுப்பிவிடுகிறார்கள். பத்து ஊரின் கணக்கு கையில் இருந்தால் மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில் நாம் பேசும் பேச்சே வேறாக இருக்கும். எடுத்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள், சேர்த்துப் போவோம்.